பணக்காரன் பிள்ளைக்கு ஊசி, ஏழைப் பிள்ளைக்கு வதந்தியா?

திருத்தணி பஸ் நிலையத்திலும், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கத்து விசைத்தறிக் கொட்டகைகளிலும், கரும்பு வெட்டும் கூட்டங்களிலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "குழந்தைக்கு ஊசி போடாதே, காய்ச்சல் வரும், கை கால் விளங்காமல் போகும், நாளைக்குப் பிள்ளைப் பேறே இல்லாமல் போய்விடும்" என்கிறார்கள். சொன்னது யார் என்று கேட்டால் பதில் இல்லை. "யாரோ சொன்னார்கள், செல்போனில் வந்தது" என்பார்கள். முன்பு திண்ணையில் உட்கார்ந்து பரப்பிய விஷமப் பிரசாரம் இப்போது வாட்ஸ்அப்பில் ஏறிக்கொண்டு வருகிறது. வாகனம் புதிது, சரக்கு பழையது.

ஒன்று கேட்கிறோம். வசதி படைத்தவன் வீட்டில் குழந்தை பிறந்தால் என்ன நடக்கிறது? பிறந்த உடனே ஊசி. ஒன்றரை மாதத்தில் ஊசி. ஒன்பதாம் மாதத்தில் ஊசி. சர்க்கார் இலவசமாகப் போடும் ஊசி போதாதென்று, ஆயிரக்கணக்கில் பணம் கட்டித் தனியார் ஆஸ்பத்திரியில் மேலும் இரண்டு மூன்று ஊசிகளைப் போட்டுக்கொள்கிறான். அவன் ஒரு வதந்தியையும் நம்பவில்லை. கூலிக்காரன் தெருவில் மட்டும் வதந்தி நம்பப்படுகிறது, கூலிக்காரன் பிள்ளைதான் சாகிறது. இது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கட்டுரை பயமுறுத்த எழுதப்பட்டதன்று. ஊசியைப் பற்றித் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் தெரிய வேண்டிய உண்மைகளைச் சொல்லப் போகிறோம். நல்லதையும் சொல்வோம். நம் ஜில்லாவில் நடந்த கெட்டதையும் மறைக்காமல் சொல்வோம்.

தாத்தாவின் கையில் உள்ள தழும்பு

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மேற்கையைப் பாருங்கள். வட்டமாக, குழிந்த தழும்பு இருக்கும். அம்மை குத்திய தழும்பு அது. உங்கள் பிள்ளையின் கையில் அது இல்லை. ஏன் இல்லை? பெரியம்மை என்ற நோயே உலகத்தில் இல்லை, அதனால் அந்தத் தழும்பும் தேவையில்லை.

வைசூரி என்றால் என்ன என்பதை இன்றைய இளைஞர் அறிய மாட்டார். தடுப்புப் பெறாத பத்துப் பேருக்கு அது கண்டால் சுமார் மூன்று பேர் செத்தார்கள். பிழைத்தவர்கள் முகமெல்லாம் குழியோடு பிழைத்தார்கள், பலர் கண் இழந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 30 கோடிப் பேரை இந்நோய் தின்றது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1974-ஆம் ஆண்டு என்ற ஒரே ஆண்டில் இந்தியாவில் 1 லட்சத்து 88 ஆயிரம் பேருக்குப் பெரியம்மை கண்டது, 31 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர்.

இந்த அரக்கனை வீழ்த்திய ஆயுதம் எங்கே பிறந்தது? பால் கறக்கும் பெண்களிடத்தில். மாட்டு அம்மை வந்து ஆறிய பால்காரிகளுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது இங்கிலாந்தின் கிராமங்களில் உழைப்பாளி மக்கள் கண்டறிந்து பேசிவந்த அனுபவம். அந்த அனுபவத்தை எட்வர்டு ஜென்னர் என்ற வைத்தியர் 1796-இல் சோதித்துப் பார்த்தார், நிரூபித்தார். 1802-இல் அது பம்பாய்க்கு வந்தது, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. சென்னை கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் நிலையம் அம்மைப்பால் தயாரித்து ராஜதானி முழுவதற்கும் அனுப்பியது.

ஆயினும் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் நோய் ஒழியவில்லை. காரணம், ஒவ்வொரு நாடும் தன் வீட்டு வாசலை மட்டும் பெருக்கியது. 1958-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் உலகச் சுகாதார மாநாடு கூடியது. அங்கே சோவியத் நாட்டின் துணைச் சுகாதார மந்திரி விக்டர் ஷ்தானோவ் எழுந்து, உலகம் முழுவதும் ஒன்றுசேர்ந்து பெரியம்மையை வேரோடு அழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இரண்டரைக் கோடி வேளை மருந்தை இலவசமாகத் தருவதாகவும் அறிவித்தது அந்த நாடு. பின்வந்த இருபது ஆண்டுகளில் அது கொடுத்த மருந்து 140 கோடி வேளைக்கு மேல். வெயிலில் கெடாத உலர்ந்த மருந்து அது. இந்தியாவின் கிராமங்களுக்கும் அது கோடிக்கணக்கில் வந்து சேர்ந்தது.

1962-இல் இந்தியாவில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கடைசிக் கட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். நோய் கண்ட வீட்டைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் அம்மை குத்தினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980 மே 8-ஆம் தேதி உலகமே அதிலிருந்து விடுதலை பெற்றது என்று அறிவிக்கப்பட்டது.

அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்ற காலம் அது. அப்போதே இந்த வேலையில் இரண்டும் சேர்ந்து நின்றன. சரக்கை விற்று லாபம் பார்ப்போம் என்று அன்று உட்கார்ந்திருந்தால் இன்றும் நம் பிள்ளைகள் வேப்பிலைப் படுக்கையில்தான் கிடந்திருப்பார்கள்.

வேப்பிலையும் ஊசியும்

"அம்மை வந்தால் ஆத்தா வந்திருக்கிறாள், ஊசி போட்டால் கோபம் கொள்வாள்" என்போர் இன்னும் உண்டு. அவர்களைக் கேலி செய்வது நம் வேலையன்று. வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியார் உள்ளே வராமல் தடுப்பது, நோயாளியைத் தனி அறையில் குளிர்ச்சியாக வைப்பது, தாளித்த வாடை வீட்டில் படாமல் பார்ப்பது என்று நம் முன்னோர் வகுத்த கட்டுப்பாட்டில் ஒரு புத்தி இருந்தது. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டும் என்று அறிந்துதான் அந்த வேப்பிலையைச் செருகினார்கள். ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. மருந்து இல்லாத காலத்தில் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள்.

அவர்களுக்கு மருந்து கிடைத்திருந்தால் ஊரைக் காக்க அதையும் செய்திருப்பார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி 365 படி ஏறுகிறவர் தம் பிள்ளைக்கு ஊசியும் போட்டுக்கொண்டு வரலாம். இரண்டுக்கும் சண்டை மூட்டுகிறவன் பக்திக்காக மூட்டவில்லை. நம்மை அறியாமையில் வைத்திருப்பதில் அவனுக்கு லாபம் இருக்கிறது.

ஓட்டு வீடும் ஓலைக் குடிசையும்

இனி, "என் பிள்ளைக்கு ஊசி போட்டால் என் பிள்ளைக்குத்தானே நன்மை, ஊருக்கு என்ன?" என்று கேட்பவருக்குச் சொல்கிறோம்.

ஊசியில் இரண்டு விதம் உண்டு. ரண ஜன்னிக்குப் போடும் ஊசி ஒரு விதம். அரிவாள் பட்ட காலிலும், துருப்பிடித்த ஆணி குத்திய பாதத்திலும், மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமி ஏறி உடம்பு வில்லாக வளைந்து சாகிற நோய் அது. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. ஊசி போட்டுக்கொண்டவர் மட்டும் தப்புவார். வயல் வேலை செய்கிறவருக்கு இதைவிட அவசியமான ஊசி வேறில்லை. கர்ப்பிணிக்கு அதைப் போட்டால் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் காவல் கிடைக்கிறது. தாய்மாருக்கு ஊசியும், ஆஸ்பத்திரியில் சுத்தமான பிரசவமும் பெருகியதால்தான், பச்சைக் குழந்தைகளைக் கொன்றுவந்த ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் அறிவிக்க முடிந்தது.

தட்டம்மை வேறு விதம். மணல்வாரி என்று நாம் லேசாகச் சொல்லும் நோய் அது. உண்மையில் லேசானதன்று. அதைவிட வேகமாக ஒட்டும் நோய் அநேகமாக எதுவும் இல்லை. தடுப்புப் பெறாத கூட்டத்தில் ஒரு குழந்தைக்கு வந்தால் 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி நிற்கும். சத்துணவு இல்லாத குழந்தையை நிமோனியாவாலும் பேதியாலும் கொல்லும், கண்ணைக் கெடுக்கும். பிழைத்த குழந்தையின் உடம்பும் மற்ற நோய்களோடு போராடும் பலத்தை நெடுநாள் இழந்து நிற்கும். யாருடைய குழந்தை சத்துணவு இல்லாதது? மில் முதலாளியின் குழந்தையா?

ஓலைக் குடிசை வரிசையை எண்ணிப் பாருங்கள். ஒரு குடிசையில் தீப்பொறி விழுந்தால் தெருவே சாம்பல். அதே தெருவில் இருபது வீட்டில் பத்தொன்பது ஓட்டு வீடாக இருந்தால்? பொறி விழுந்த இடத்திலேயே அணையும். மீதியுள்ள ஒரே ஓலைக் குடிசையும் தப்பும். நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு இரண்டு தவணை ஊசி விழுந்துவிட்டால் தட்டம்மை அந்த ஊரில் நடமாட முடியாது என்பது இந்தக் கணக்குத்தான்.

அந்த ஒரு ஓலைக் குடிசை யார்? இன்னும் ஒன்பது மாதம் நிறையாத கைக்குழந்தை. ஊசி ஏற்க முடியாத கடும் நோயாளி. ஊசி போட்டும் உடம்பில் பலன் பிடிக்காத ஒருவர். இவர்களுக்குத் தாங்களாகக் காத்துக்கொள்ள வழியில்லை. நம் பிள்ளைகளின் கைதான் அவர்களுக்குச் சுவர்.

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வேலை நிறுத்தம் செய்து பட்டினி கிடந்து போனஸ் வாங்குகிறோம். கருங்காலியும் கை நீட்டி அதே போனஸை வாங்குகிறான். ஒரு கருங்காலி இருந்தால் போராட்டம் தாங்கும். பத்துப் பேர் ஆனால் போராட்டமே உடையும். ஊசியும் அப்படித்தான். பயந்து நிற்கும் தாயை நாம் கருங்காலி என்று சொல்ல மாட்டோம், அவளுக்கு எடுத்துச் சொல்வோம். எல்லாம் தெரிந்திருந்தும், "மற்றவர் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம்" என்று மேதாவித்தனம் பேசி ஒதுங்குகிற வசதிக்காரனுக்குத்தான் அந்தப் பெயர்.

2008: நம் ஜில்லாவின் நான்கு குழந்தைகள்

இங்கேதான் நம்மை எதிர்ப்பவர் குறுக்கிடுவார். "ஊசி போட்டுக் குழந்தைகள் செத்தது உங்கள் திருவள்ளூர் ஜில்லாவில்தானே?" என்பார்.

ஆம். நடந்தது. 2008 ஏப்ரல் மாதத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட சிறிது நேரத்தில் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. நான்கும் ஏழை வீட்டுக் குழந்தைகள். அந்தத் தாய்மாரின் கண்ணீரை எந்தக் கணக்காலும் துடைக்க முடியாது. அன்று ஜனங்கள் கொதித்தெழுந்தது நியாயம். அதை மறைத்து ஊசிக்கு வக்காலத்து வாங்குவது நம் வழக்கமன்று.

ஆனால் யோசியுங்கள். தட்டம்மை மருந்து பொடியாக வருகிறது. அதற்கென்று தனியாகத் தரும் நீரில் கலக்க வேண்டும். கலந்த குப்பியைக் குளிரில் வைத்து நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். இதில் ஒரு பிசகு நேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. 2014-இல் சிரியாவில் கலக்கும் நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்துக் குப்பி மாறிப்போய் 15 குழந்தைகள் இறந்தன. 2018-இல் பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவில் இதே போன்ற தவறால் இரண்டு குழந்தைகள் இறந்தன. கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்த மருந்து அதேதான். எங்கெல்லாம் கண்காணிப்பும் பயிற்சியும் ஆள்பலமும் தளர்கிறதோ அங்கெல்லாம் சாவு நுழைகிறது. ஆகவே கேட்க வேண்டியது கண்காணிப்பு, பயிற்சி, போதிய நர்ஸ்கள், பகிரங்க விசாரணை, இழப்பீடு.

சர்க்கார் செய்தது என்ன? கிராமத்துக்கே வந்து ஊசி போடும் ஏற்பாட்டை நிறுத்தியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், டாக்டர் முன்னிலையில்தான் ஊசி என்று உத்தரவாயிற்று. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கூலிக்காரிக்கு அதன் பொருள் என்ன? குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ் இல்லாத பாதையில் பல மைல் போக வேண்டும். பஸ் கிடைத்தால் பஸ் காசு. புதன்கிழமை ஊசி நாள் என்றால் புதன்கிழமைக் கூலி போயிற்று. நாற்று நடவு நேரத்தில் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் வேலையும் போயிற்று. கார் வைத்திருப்பவனுக்கு இந்த உத்தரவால் ஒரு நஷ்டமும் இல்லை.

பலன்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சாட்சி சொல்கிறது. 2005–06-இல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் முழுதாகப் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 81 பேர். 2015–16-இல் அது 70-ஆகச் சரிந்தது. நாட்டுக்கே வழிகாட்டி என்று மார்தட்டிய மாநிலம் பத்து ஆண்டில் பதினோரு படி இறங்கியது. அந்த ஒரு உத்தரவே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஏழையின் வாசலிலிருந்து ஊசியை எடுத்துச் சென்றால் ஏழைக்கு ஊசி கிடைக்காது என்பதைக் காண பூதக்கண்ணாடி வேண்டாம். பிறகு விழித்துக்கொண்டு உழைத்ததால் 2019–21 கணக்கெடுப்பில் அது 89-ஆக உயர்ந்தது. உயர்த்தியவர்கள் கிராமம் கிராமமாக நடந்த நர்ஸம்மாக்கள். அவர்களுக்கு நம் வணக்கம். மீதிப் பதினோரு பேர் யார்? பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகள்தான்.

சமோவாவின் கதையையும் கேளுங்கள். அந்த இரண்டு சாவுக்குப் பிறகு அங்கே ஊசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். வதந்திக்காரர்கள் புகுந்து விளையாடினார்கள். 2019 கடைசியில் தட்டம்மை வந்திறங்கியது. இரண்டு லட்சம் ஜனங்களே உள்ள சின்னஞ்சிறு நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய் கண்டது, 83 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இரண்டு சாவுக்குப் பயந்து கதவை மூடியவர்கள் எண்பத்து மூன்று பாடை கட்டினார்கள். நம் ஜில்லாவின் நான்கு குழந்தைகளின் பெயரால் ஊசி வேண்டாம் என்பவர் இந்த எண்பத்து மூன்றுக்குப் பதில் சொல்லட்டும்!

ராஜாஜியின் பிரசுரமும் திருவள்ளூர்க் கணக்கும்

படித்தவர்கள் எதிர்த்தது புதிதன்று. 1955-இல் ராஜாஜி அவர்கள், கவர்னர் ஜெனரலாகவும் முதன் மந்திரியாகவும் இருந்தவர், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து ஒரு பிரசுரமே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளின் உடலில் கூட்டங்கூட்டமாக ஏற்றுவதா என்று கேட்டார். பெரிய மனிதர் சொன்னார் என்று பலர் பின்வாங்கினார்கள்.

விவகாரம் பிரசுரத்தாலும் பதில் பிரசுரத்தாலும் தீரவில்லை. எண்ணிப் பார்த்ததால் தீர்ந்தது. எங்கே எண்ணினார்கள் தெரியுமா? நமக்குப் பக்கத்தில், அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவின் திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில். 1968-இல் தொடங்கி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சோதனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு ஊசி, மற்றவருக்கு வெறும் நீர். பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உலகத்தில் நடந்த மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை அது. முதல் முடிவு 1979-இல் வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது.

"பார்த்தீர்களா, எதிர்த்தவர் வென்றார்" என்று துள்ள வேண்டாம். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசத்தையும், உடல் முழுதும் பரவிக் கொல்லும் காசத்தையும் அது தடுக்கிறது என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் நிலைத்த உண்மை. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு அதை இன்றும் போடுகிறார்கள். பெரியவருக்கு அந்த ஊசியை நம்பி இருக்க முடியாது. அவருக்கு மருந்து வேண்டும், பஞ்சுத் தூசி இல்லாத மில் வேண்டும், காற்றோட்டமான வீடு வேண்டும், வயிறு நிறையச் சோறு வேண்டும். ஊசியைக் காட்டிக் கூலியை மறக்கடிக்க யாருக்கும் உரிமை இல்லை. கூலியைக் காட்டி ஊசியை மறுக்கவும் உரிமை இல்லை.

விஞ்ஞானம் தன் குறையைத் தானே எண்ணிச் சொல்லியது. வதந்தி என்றைக்காவது அப்படிச் சொன்னதுண்டா? 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இயக்கம் தமிழ்நாட்டில் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பள்ளிகளில் சம்மதம் மறுத்தார்கள். இயக்கத்தை மார்ச் வரை நீட்டிக்க வேண்டி வந்தது. அந்த ஊசி போட்ட பிள்ளைகள் இன்று நம் தெருவில் ஓடியாடித் திரிகிறார்கள், பலர் வேலைக்குப் போகிறார்கள். வதந்தி பரப்பியவர் ஒருவராவது வந்து தப்புச் செய்தேன் என்றாரா?

பூட்டுப் போட்டவர்கள் யார்?

ஊசிக்கு எதிரி வதந்திக்காரன் மட்டுமன்று. கோட்டு சூட்டுப் போட்ட எதிரியும் உண்டு.

கிண்டியில் 1948 முதல் பி.சி.ஜி. மருந்து செய்த சர்க்கார் கூடம், குன்னூரில் 1907-இல் எழுந்த பாஸ்டர் நிலையம், இமாசலத்துக் கசௌலியில் 1905-இல் எழுந்த ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்றும் தலைமுறை தலைமுறையாக நாட்டின் குழந்தைகளுக்கு மலிவாக மருந்து செய்து கொடுத்தவை. 2008 ஜனவரியில் மூன்றின் லைசென்ஸையும் மத்திய சர்க்கார் நிறுத்தியது. கட்டடமும் முறைகளும் தரத்துக்குப் பொருந்தவில்லை என்றார்கள். வீட்டுக் கூரை ஒழுகினால் கூரையை வேய்வதா, வீட்டையே பூட்டுவதா? பல ஆண்டுகளாகப் பணம் ஒதுக்காமல் காயப்போட்டவர் யார்? பூட்டிய பிறகு சர்க்கார் தனியாரிடம் கை ஏந்தியது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2010-இல்தான் அந்தத் தடை நீங்கியது.

செங்கல்பட்டுத் திருமணியில் சுமார் நூறு ஏக்கரில் பொதுத்துறைத் தடுப்பூசி வளாகம் ஒன்று எழுப்பினார்கள். 2012-இல் அனுமதித்த மதிப்பு 594 கோடி ரூபாய். கொரோனா வந்து 2021-இல் ஜனங்கள் ஊசிக்காக விடியற்காலை வரிசையில் நின்றபோது அந்த வளாகம் தூங்கியது. தமிழக முதலமைச்சர் 2021 மே மாதம் நேரில் போய்ப் பார்த்து, எங்களிடம் ஒப்படையுங்கள் என்று மத்திய சர்க்காரிடம் கேட்டார். அந்த நெருக்கடியில் அங்கிருந்து ஒரு குப்பிகூட வெளிவரவில்லை.

அதே 2021-இல் தனியார் கம்பெனி செய்தது என்ன? ஒரே தொழிற்சாலை, ஒரே குப்பி. மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய், மாநில சர்க்காருக்கு 400 ரூபாய், தனியார் ஆஸ்பத்திரிக்கு 600 ரூபாய் என்று அறிவித்தது ஒரு கம்பெனி. பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து உருவான மற்றொரு ஊசிக்கு மாநிலத்துக்கு 600, தனியாருக்கு 1,200 என்றார்கள். கூச்சல் எழுந்ததும் சற்றே குறைத்தார்கள். சுப்ரீம் கோர்ட் கேள்வி கேட்டது. ஜூன் 7-ஆம் தேதி பிரதம மந்திரி கொள்கையை மாற்றி, ஜூன் 21 முதல் எல்லோருக்கும் இலவசம் என்றார். கேட்டதால் கிடைத்தது, தோழர்களே! இளம்பிள்ளை வாதத்துக்கு ஊசி கண்ட ஜோனாஸ் சால்க் அதற்குப் பேடண்ட் வாங்கவில்லை. அந்த நோயின் கடைசி இயற்கைக் கிருமியை இந்தியா 2011 ஜனவரியில் கண்டது, 2014-இல் விடுதலைச் சான்று பெற்றது. லாபக் கணக்கோடு தொடங்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

சூளைப் பிள்ளைகள்

இனி நம் வாசலுக்கு வருவோம். நம் ஜில்லாவின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிய கடனுக்கு ஆறேழு மாதம் கல் அறுத்துவிட்டு மழைக்கு முன் திரும்புகிறார்கள். அவர்களோடு வரும் கைக்குழந்தைக்கு முதல் தவணை அங்கே, இரண்டாம் தவணை எங்கே? அட்டை ஒடியா மொழியில், நர்ஸுக்குத் தெரிந்தது தமிழ். மேஸ்திரி வெளியே விடமாட்டான். ஊசி வண்டி சூளைக்குள் போவது அபூர்வம். "வெளியூரான் பிள்ளைதானே" என்று நாம் இருக்கலாமா? சூளைப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே சந்தைக்கு வருகிறார்கள், ஒரே மலைக்குத் தேர் பார்க்கப் போகிறார்கள்.

எல்லை விஷயமும் இதுதான். திருத்தணிக்காகப் போராட்டம் நடந்தது, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி இது நம் மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கல் நட்டார்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்றும் நகரியோடும் புத்தூரோடும்தான். பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் பெண் ஒரு மாநிலத்தில் முதல் ஊசி போடுகிறாள், மறு மாநிலத்தில் அடுத்த ஊசியை விட்டுவிடுகிறாள். தட்டம்மைக் கிருமி பட்டாஸ்கர் தீர்ப்பைப் படித்ததில்லை. அது கல்லைத் தாண்டி வரும்.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

சர்க்காரிடமும் முதலாளியிடமும் கேட்போம். ஊசி நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ கூலி வெட்டாத விடுமுறை வேண்டும். விசைத்தறிக் கொட்டகைக்கும் சூளைக்கும் நடவு வயலுக்கும் ஊசி வர வேண்டும், ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு மாலை வேளையிலும் போட வேண்டும். காலியாகக் கிடக்கும் நர்ஸ் வேலைகளை நிரப்ப வேண்டும், ஒருவர் தலையில் நான்கு பேர் வேலையைக் கட்டக்கூடாது. ஊசிக்குப் பின் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் உடனே விசாரித்து உண்மையை ஊருக்கு முன் சொல்ல வேண்டும், குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டும். மறைக்கிற சர்க்கார்தான் வதந்திக்குத் தீனி போடுகிறது. பொதுத்துறை மருந்துக் கூடங்கள் முழு மூச்சில் ஓட வேண்டும்.

நாமும் செய்வோம். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர் முன்வரட்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை, அட்டையில் எந்தக் கட்டம் காலி என்று நோட்டில் எழுதட்டும். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா முதல் தவணை, பதினாறாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இரண்டாம் தவணை. இரண்டாவதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். அன்றிரவு லேசான காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லாத காய்ச்சல்தான் மறுநாள் வதந்தியாகிறது. நர்ஸம்மா தெருவுக்கு வரும்போது அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு செம்புத் தண்ணீரும் வையுங்கள். அவரும் நம்மைப் போல் உழைத்துச் சாப்பிடுகிறவர்.

சூளையில் இருக்கும் ஒடிசாக்காரத் தாயை மறக்காதீர்கள். அவள் மொழி நமக்குத் தெரியாவிட்டால் என்ன? அட்டையைக் காட்டு என்று கையால் கேட்டால் அவளுக்குப் புரியும்.

தாத்தாவின் கையில் உள்ள தழும்பு இலவசமாக வந்ததன்று. லட்சோப லட்சம் ஊழியர்கள் வெயிலில் நடந்து போட்ட தழும்பு. அவர் அன்று கையை நீட்டினார், அதனால் இன்று பேரன் முகத்தில் குழி இல்லை. இன்று நம் பிள்ளையின் கையை நாம் நீட்ட வேண்டும். வருகிற புதன்கிழமை அதற்கு நல்ல நாள்.